பத்தரை மணிக்குத் திறக்கும் கடை



வியாழக்கிழமை சூரியன் மறைந்துவிட்டால் எமக்கு அது வெள்ளி இரவு. ஸலவாத்தும் ஸூரத்துல் கஹ்ஃபும் ஓதி அந்த இரவைச் சிறப்பிப்பது எமது பெரியோர் காட்டித் தந்த வழக்கம். 2024ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி அப்படியொரு வெள்ளி இரவு. குண்டசாலையில் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன். பள்ளிவாசல் மதிலோரம் ஐந்தாறு பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். எல்லோரும் என்னிடம் ஓதியவர்கள். இப்போது க.பொ.த. உயர்தரம் படிக்கிறார்கள்.

"என்ன மகன், இவ்வளவு கவனமாப் பாக்குறீங்க?"

"சேல் ஹஸ்ரத். பத்தரைக்குத் தொறக்கும். இன்னும் ரெண்டு மணித்தியாலம் இரிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரவு பத்தரைக்குத் திறக்கும் கடை குண்டசாலையில் ஏது? கண்டி நகரிலேயே அந்நேரம் கடைகள் பூட்டுப் போட்டுவிடும். பிள்ளைகள் விளக்கினார்கள். கடை அமெரிக்காவில் இருக்கிறது. விற்பனைக்கு உள்ளவை கணினி விளையாட்டுகள். அங்கே காலை பத்து மணிக்குக் கழிவு விலை தொடங்கும்போது எமக்கு இரவு பத்தரை.

அன்று சிரித்துவிட்டு வந்தேன். ஐந்து நாட்களின் பின் சிரிக்க முடியவில்லை.

ஒரு தாயின் முறைப்பாடு

அந்தப் பிள்ளைகளில் ஒருவரின் உம்மா என் வீட்டுக்கு வந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "ஹஸ்ரத், இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. கிளாஸுக்குச் சல்லி கட்டச் சொல்லி மூத்தவர் கட்டார்ல இருந்து தன்ட கார்ட் நம்பரக் குடுத்திருந்தார். அதுல விளையாட்டு வாங்கிரிக்கார்."

மகனை அழைத்து விசாரித்தேன். மூன்று நாட்களில் 11 விளையாட்டுகள். மொத்தம் 42 டொலர். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ 12,800 ரூபாய்.

"இது சேல்ல வாங்கின ஹஸ்ரத். சரியான வெலைக்கு வாங்கினா 190 டொலர் போகும். 148 டொலர் மிச்சம் பிடிச்சிரிக்கேன்" என்றார்.

"மிச்சம் பிடித்த அந்த 148 டொலரும் இப்போது யாருடைய கையில் இருக்கிறது மகன்?"

பதில் இல்லை.

"பதினொன்றில் எத்தனையை விளையாடினீர்கள்?"

"ரெண்டு."

"மீதி ஒன்பதும்?"

"பொறகு விளையாடலாம்தானே. இப்ப எடுக்காட்டி வெல கூடிரும்."

வாசகர்களே, இந்தக் கடைசி வசனத்தில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது விளையாட்டு என்றால் இரண்டோடு நின்றிருப்பார். மற்ற ஒன்பதையும் வாங்க வைத்தது "இப்போது எடுக்காவிட்டால்" என்ற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன்.

கடையின் கதை

இத்தகைய கடைகளில் மிகப் பெரியது ஸ்டீம். 1996இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட வால்வ் என்ற நிறுவனம் 2003 செப்டெம்பர் 12இல் இதைத் திறந்தது. தட்டு இல்லை, பெட்டி இல்லை. பணம் செலுத்தினால் விளையாட்டு இணைய வழியே கணினிக்கு வந்து சேரும். எமது நாட்டவருக்கு விலை டொலரிலேயே காட்டப்படுகிறது. 2022இல் ரூபாய் சரிந்தபோது ஒரு டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. எமது பிள்ளைகளுக்கு முழு விலை எட்டாக் கனியானது. ஆகவே கழிவுக் காலத்துக்காகக் காத்திருப்பவர்கள் பெருகியதில் வியப்பில்லை.

வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என ஆண்டுக்கு நான்கு பெரும் கழிவு விற்பனைகள். 2024 கோடை விற்பனை ஜூன் 27 முதல் ஜூலை 11 வரை நடந்தது. பெரும்பாலும் வியாழக்கிழமைதான் திறப்பு. எமக்கு அது வெள்ளி இரவு. வசந்த கால விற்பனை 2024இல் மார்ச் 14 முதல் 21 வரையும், 2025இல் மார்ச் 13 முதல் 20 வரையும் நடைபெற்றது. இரண்டும் எமக்குப் புனித ரமழான். தராவீஹ் முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் கடை திறக்கிறது. கடைக்காரர் எமது நாட்காட்டியைப் பார்த்து இதைச் செய்யவில்லை. ஆனால் எமது பிள்ளைகளாவது தமது நாட்காட்டியைப் பார்க்க வேண்டாமா?

ஒரு காலத்தில் இந்த விற்பனைக்குள்ளே இன்னொரு விற்பனையும் இருந்தது. சில மணித்தியாலங்களுக்கு மட்டும் விலை மேலும் குறையும். பிறகு பழைய நிலைக்குப் போய்விடும். தூங்கினால் தவறிவிடும் என்று உலகெங்கும் பலர் விழித்திருந்தார்கள். 2015 ஜூன் மாதம் ஸ்டீம் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அதே ஆண்டு இலையுதிர் கால விற்பனையில் அந்த மணித்தியாலக் கழிவு காணாமற்போனது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. நேற்று வாங்கியவர் இன்று விலை குறைந்ததைக் கண்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வார். வாங்குபவருக்கு அவகாசம் கிடைத்ததும் அவசரத்தை விற்க முடியாமற்போய்விட்டது.

இந்த உரிமை எளிதில் வந்ததுமல்ல. அவுஸ்திரேலிய நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. பழுதான பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று நுகர்வோரைத் தவறாக எண்ண வைத்ததாக 2016இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

ஃபிக்ஹ் தரும் அவகாசம்

இதையெல்லாம் அறிந்தபோது, அரபுக் கல்லூரியில் கிதாபுல் புயூஃ ஓதிய நாட்கள் நினைவுக்கு வந்தன. வியாபாரப் பாடத்தில் 'கியார்' என்றொரு பகுதி உண்டு. பேசி முடித்த வியாபாரத்தைத் தொடரவோ முறிக்கவோ உள்ள உரிமை என்று பொருள். அன்று அதை மனனம் செய்தோம். அதன் அருமை இன்று இந்தப் பிள்ளையால் விளங்கியது.

விற்பவரும் வாங்குபவரும் அந்த இடத்தை விட்டுப் பிரியும்வரை இருவருக்கும் மனம் மாற உரிமை உண்டு என்பது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் ஹதீஸின் கருத்து. இது கியாருல் மஜ்லிஸ். எமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹப் இதை ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, கியாருஷ் ஷர்த். ஹப்பான் இப்னு முன்கித் (ரழி) அவர்கள் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வியாபாரத்தைத் தடை செய்யவில்லை. ஏமாற்று இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வாங்கும்படியும், மூன்று இரவுகள் யோசிக்கும் உரிமையை வைத்துக்கொள்ளும்படியும் வழிகாட்டினார்கள். மூன்றாவது, கியாருல் ஐப். குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை.

பார்த்தீர்களா வாசகர்களே! 2015இல் இணையக் கடை கொடுத்த 14 நாட்களைக் கண்டு உலகம் மகிழ்ந்தது. ஏமாறக்கூடிய ஒரு மனிதருக்கு மூன்று இரவுகள் அவகாசம் கொடுத்த மார்க்கம் எமது கையில் பதினான்கு நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? வுழூவின் ஃபர்ளுகளை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, ஒரு பொருளை வாங்குமுன் தனக்கு என்ன உரிமை உண்டு என்பது தெரியாது. குற்றம் அந்தப் பிள்ளையிடமா, கற்றுக்கொடுக்காத என் போன்றோரிடமா?

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனா வந்த நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. எல்லோரும் நபியவர்களைக் காண முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களின் தலைவர் அஷஜ் (ரழி) அவர்கள் மட்டும் ஒட்டகங்களைக் கட்டி, சாமான்களை ஒழுங்குபடுத்தி, நல்லாடை அணிந்து ஆறுதலாக வந்தார்கள். பொறுமையும் நிதானமும் அல்லாஹ்வுக்கு விருப்பமான இரு குணங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அவரைப் பாராட்டினார்கள். நபியைக் காணும் நன்மைக்கே நிதானம் பாராட்டப்பட்டது என்றால், விளையாட்டு வாங்க எதற்கு ஓட்டம்?

பிள்ளைகளிடம் கண்ட நல்லது

விளையாட்டு வாங்குவோர் எல்லோரும் கெட்டுப் போனவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். இந்தக் கழிவு விற்பனையைப் பின்தொடரும் கூட்டத்தில் நான் கண்ட ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் ஒரு விளையாட்டை வாங்க நினைத்தால் மற்றவர் அதன் பழைய விலைகளைத் தேடிக் காட்டுகிறார். எந்த ஆண்டு எந்த மாதம் எவ்வளவுக்கு விற்றது, இதுவரை கண்ட மிகக் குறைந்த விலை எது என்று காட்டும் ஸ்டீம்டிபி போன்ற தளங்கள் உண்டு. "இப்ப எடுக்காதீங்க, போன டிசம்பர்ல இதை விடக் கொறவு" என்று தடுத்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர்தான் நஸீஹத்.

சரக்கோடு வரும் கூட்டத்தை ஊருக்கு வெளியே வழிமறித்து, சந்தை விலை தெரியாத நிலையில் அவர்களிடம் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' என்பதையும் தடுத்தார்கள். விலையைச் சரியாக அறிந்துகொள்வது இருதரப்பாரின் உரிமை என்பதே இவற்றின் உட்கருத்து. இன்றைய சட்டங்களும் அதே வழியில்தான் வருகின்றன. கழிவு அறிவிக்கும் கடை, அதற்கு முந்திய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ளது. விலையை உயர்த்திய கையோடு கழிவு என்று அறிவிக்க ஸ்டீமும் விற்பனையாளரை விடுவதில்லை. நோன்புப் பெருநாள் காலத்தில் விலைச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டு "50 வீதக் கழிவு" என்று பலகை வைக்கும் எமது கடைக்காரர்கள் சிலர் இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பிள்ளையை "எடுக்காதீங்க" என்று தடுத்தவர்களில் பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளை ஒருவரும் இருந்தார். அவர் சொல்லைக் கேட்டிருந்தால் இரண்டு விளையாட்டாவது குறைந்திருக்கும். 2018 மார்ச் மாதம் திகனையிலும் தெல்தெனியவிலும் நடந்ததை நாம் மறக்கவில்லை. கைத்தொலைபேசி வழியே பரவிய வெறுப்புக்கு அஞ்சி அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அந்நாட்களில் முடக்க நேர்ந்தது. அதே பிரதேசத்தில் அதே கருவியில், ஒரு பிள்ளை மற்றச் சமூகத்துப் பிள்ளையின் காசு வீணாகக் கூடாதென்று கவலைப்படுகிறது. இதை நாம் அற்பமாக நினைக்கக் கூடாது.

எனினும் கூட்டம் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. 2019 கோடை விற்பனையின் போது, விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் உள்ள விளையாட்டு இலவசமாகக் கிடைக்கலாம் என்றொரு போட்டி அறிவிக்கப்பட்டது. விதியைச் சரியாக விளங்காத பலர், விலை குறைந்த சிறு விளையாட்டுகளைத் தமது பட்டியலிலிருந்து அழித்துவிட்டார்கள். அந்தப் பட்டியலை நம்பியிருந்த சிறு தயாரிப்பாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பிறகுதான் வால்வ் விளக்கம் கொடுத்தது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனத்தின் போதனை இங்கும் பொருந்துகிறது.

வாங்கியது என்ன?

இன்னுமொரு விஷயத்தைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2024 ஒக்டோபர் முதல் ஸ்டீம் தனது கட்டணப் பக்கத்தில் ஓர் அறிவித்தலைக் காட்டுகிறது. நீங்கள் பெறுவது அப்பொருளைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மாத்திரமே என்பது அதன் சாரம். கலிபோர்னியா மாநிலத்தில் அதற்கு முந்திய மாதம் இதுபற்றிய சட்டமொன்று கையொப்பமிடப்பட்டிருந்தது. யூபிசொஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற விளையாட்டை, 2024 மார்ச் 31இல் அதன் சேவையை மூடியபின், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் விளையாட முடியவில்லை. பொருளைச் சொந்தமாக்குவது வேறு, அதன் பயனை மட்டும் பெறுவது வேறு என்று ஃபிக்ஹ் பிரித்துக் காட்டுகிறது. "பொறகு விளையாடலாம்" என்று வாங்கிச் சேர்ப்பவர், அந்தப் 'பிறகு' தன் கையில் இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு

முதலாவது, உங்கள் கடனட்டை இலக்கத்தைப் பிள்ளையின் கருவியில் பதிந்து வைக்காதீர்கள். 2022 டிசம்பரில், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் நுகர்வோருக்கு 24 கோடி 50 இலட்சம் டொலர் திருப்பிக் கொடுக்க உடன்பட்டது. பொத்தான்களை அமைத்த விதத்தால் எண்ணாமலே வாங்க நேர்ந்தது, பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகள் வாங்க முடிந்தது என்பன அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு சுமத்திய குற்றச்சாட்டுகள். பெரிய நாடுகளின் பெற்றோருக்கே இந்த நிலை.

இரண்டாவது, ஷாஃபிஈ மத்ஹபின்படி பாலிக் ஆகாத பிள்ளை தானாகச் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லுபடியாகாது. பாலிக் ஆனாலும், செல்வத்தை ஒப்படைக்குமுன் 'ருஷ்த்', அதாவது செலவு செய்யும் பக்குவம் வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்படி ஸூரத்துந் நிஸாவின் 6ஆவது வசனம் அநாதைகளின் விஷயத்தில் கட்டளையிடுகிறது. சோதிப்பதென்றால் சிறு தொகையைக் கொடுத்துப் பார்ப்பது. ஒன்றுமே கொடுக்காமல் வைத்திருந்து ஒருநாள் கார்ட் இலக்கத்தைக் கொடுப்பது சோதனையாகாது.

மூன்றாவது, விளையாடும் பிள்ளையை எல்லாம் நோயாளி என்று ஏசாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று சேர்க்கப்பட்டது உண்மை. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டையே முதன்மையாக்குவது, தீங்கு கண்டும் விடமுடியாமை, இவை பெரும்பாலும் ஓராண்டாவது நீடிப்பது என்பன அதன் அடையாளங்கள். அப்படியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் அமர்ந்து, என்ன விளையாட்டு என்று கேளுங்கள். சூதும் ஆபாசமும் கலந்ததை அப்போதுதான் உங்களால் விலக்க முடியும்.

திருப்பிக் கொடுத்த கதை

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கவில்லை. நான் புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் என் அலுமாரியைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "ஹஸ்ரத், இந்தக் கிதாபெல்லாம் ஓதி முடிச்சிட்டீங்களா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டுதோறும் செப்டெம்பரில் கொழும்பில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போவேன். கழிவுப் பலகையைக் கண்டால் கை நிற்காது. அவர் முன்னாலேயே எண்ணினேன். ஒரு பக்கமேனும் திறக்காதவை 17. அவற்றை வாங்கிய காசும் வீட்டுச் செலவுக்கென்று என் மனைவி ஒதுக்கியிருந்ததுதான். வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுத்தரமாகச் செலவிடுவோரைப் புகழும் ஸூரத்துல் ஃபுர்கானின் 67ஆவது வசனத்தைப் பல மேடைகளில் விளக்கியவன் நான். அன்று அது என்னை நோக்கியே ஓதப்பட்டதாக உணர்ந்தேன்.

அதன்பின் பேச்சு இலகுவாயிற்று. அவர் வாங்கிய கடையிலும் திருப்பிக் கொடுக்கும் விதி இருந்தது. இருவரும் அமர்ந்து ஒன்பதையும் திருப்பிக் கொடுத்தோம். 33 டொலர் அட்டைக்கே மீண்டது. விளையாடிய இரண்டின் 9 டொலர் கடனாக நின்றது.

ஆனால் நானா அறியாமல் பணத்தைத் திருப்பிவிட்டால் அமானத் நிறைவேறிவிடுமா? "சொல்லிவிடுங்கள் மகன்" என்றேன். அவர் முகம் வெளுத்தது. அஸருக்குப் பின் கட்டாருக்கு அழைத்தார். கோடையில் அங்கே வெயில் உச்சத்தில் வெளிவேலைகளை நிறுத்தச் சட்டம் உண்டு. அந்த ஓய்வு நேரத்தில் நானா பேசினார். தம்பி எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு கேட்டது: "சொல்லிட்டு எடுத்திருந்தா நானே வாங்கித் தந்திருப்பேனே தம்பி."

அந்த வார்த்தைக்குத்தான் பிள்ளை அழுதார். நான் செய்த உபதேசம் எதற்கும் அழவில்லை.

இப்போது அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. விருப்பமான விளையாட்டின் பெயரை எழுதி, மூன்று இரவு கழிந்தபின்னும் வேண்டுமென்று தோன்றினால் மட்டும் உம்மாவிடம் கேட்கிறார். நானாவின் 9 டொலரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து அடைத்தார். நான் 17 கிதாபுகளில் நான்கை முடித்திருக்கிறேன். முடிக்கும்வரை கண்காட்சிக்குப் போவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் நம்பவில்லை.

அன்பு வாசகர்களே! அடுத்த கழிவுக் காலம் வரும். எமது பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். அதைத் தடுப்பது எமது சக்திக்கு அப்பாற்பட்டது. வாங்குமுன் மூன்று இரவு யோசிக்கவும், பிறர் பணத்தைத் தொடுமுன் கேட்கவும் கற்றுக் கொடுப்பது எமது சக்திக்கு உட்பட்டது. பிள்ளை கேட்டால் ஏசாமல் செவி சாய்ப்பதும் அப்படித்தான். நமது செல்வத்திலும் நேரத்திலும் அல்லாஹ் பறகத் செய்வானாக! ஆமீன்.